நாய் கடித்த நாட்டுக்கோழி: காலை வரை வீட்டில் என்ன செய்யலாம்?

மேற்குவிளை (இழையைத் தொடங்கியவர்) | மாலை 6.50

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, ரப்பரும் வாழையும் சூழ்ந்த எங்கள் புரையிடத்தில் நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். இன்று சாயங்காலம் கோழிகள் கூடடையும் நேரத்தில், முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கோழி ஒன்றைத் தெருநாய் கவ்விவிட்டது. சத்தம் போட்டதும் விட்டுவிட்டு ஓடியது. வாலுக்கு மேலே முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிகிறது. இரத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. கோழி நிற்கிறது, ஆனால் கண்ணை மூடி மூடித் திறக்கிறது, தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழை விட்டபாடில்லை, கால்நடை மருந்தகமும் காலையில்தான் திறக்கும். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பு என்கிறார் அம்மா. அறுத்துவிடலாம் என்கிறார் மாமா. காலை வரை என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மாலை 7.15

நான் மருத்துவர் அல்லன். கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே மருந்தின் பெயரும் அளவும் சொல்லமாட்டேன், இரவில் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள். சிவந்த சதையைக் கண்டால் கூடப்பிறந்த கோழியும் கொத்தும். ஓர் அட்டைப்பெட்டியிலோ பெரிய கடவத்திலோ பழைய பருத்தித் துணியை விரித்து, வீட்டுக்குள் சத்தமில்லாத, வெளிச்சம் குறைந்த மூலையில் வையுங்கள். கண்ணை மூடி மூடித் திறப்பது அதிர்ச்சியின் அறிகுறி. கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் என்பதால், மழையில் நனைந்து அதிர்ச்சியிலும் இருக்கும் கோழி சூட்டை மிக விரைவாக இழந்துவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால், சூடு வேண்டுமென்றால் அது நெருங்கிக்கொள்ளும், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும். இந்த ஒரு காரியம் எந்தக் களிம்பையும்விட இன்றிரவு முக்கியமானது.

அரை மணி நேரம் அப்படியே விட்ட பிறகு, துவர்த்தால் (துண்டால்) சிறகுகளைச் சேர்த்துச் சுற்றி, மடியில் வைத்து முழு உடலையும் பாருங்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். எனவே நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள், வெகுநேரம் மல்லாத்தியும் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் காயத்தைக் காட்டிலும் தெரியாத காயம்தான் நாய்க்கடியில் ஆபத்து. மேல்தாடையின் பல் முதுகில் பதிந்தால் கீழ்த்தாடையின் பல் அடிப்பக்கத்தில் எங்காவது பதிந்திருக்கும். இறகுகளை வாயால் ஊதி விலக்கி, சிறகின் அடிப்புறம், தொடையிடுக்கு, அடிவயிறு ஆகிய இடங்களைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். சிறிய துளையொன்று இருந்தாலும் இங்கே எழுதுங்கள்.

கழுவும் முறை இதுதான்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் தூளுப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சில் அதை எடுத்து, மேலோட்டமான காயத்தின் மீது மட்டும் சாய்வாகப் பீச்சி மண்ணையும் இறகுத் துணுக்குகளையும் அகற்றுங்கள். பிறகு, போவிடோன் அயோடின் கரைசலைக் கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்க வேண்டாம். கோழியின் தோல் மெல்லியது, இறகோடு சேர்ந்து கிழியும். கத்தரியால் நறுக்கினால் போதும். இரத்தம் மறுபடி கசிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் அது நிற்காது.

பூவிளை அக்கா, தோவாளை | மாலை 7.40

ஐயா சொல்வது சரிதான். ஆனால் சிரிஞ்சும் அயோடினும் இல்லாத காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம். கீரி பிடித்த கோழியையும் மரநாய் பிறாண்டிய கோழியையும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குப்பைமேனிச் சாறும்தான் காப்பாற்றியிருக்கின்றன. கைக்கு எட்டுகிற மருந்தை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அம்மாவின் பேச்சைத் தட்ட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மாலை 8.05

அக்கா, மரபு மருந்தை நான் தள்ளவில்லை. மாடுகளின் காயத்துக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துத் தடவும் முறையைக் கால்நடை மருத்துவர்களே கற்றுத் தருகிறார்கள். அதில் ‘காய்ச்சி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய மஞ்சள் தூளைப் பச்சையாக எண்ணெயில் குழைத்து, மண்ணும் நாயின் உமிழ்நீரும் உள்ள காயத்தின் மேல் அப்பினால், அழுக்கை உள்ளே வைத்து மூடி போட்டதாகிவிடும். மறுநாள் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். இன்னொன்று, எண்ணெய் படிந்த இறகு சூட்டைப் பிடித்து வைக்காது. குளிரில் நடுங்கும் கோழிக்கு இது இரட்டைத் தொல்லை. காயம் சுத்தமாகி, மேற்பரப்பு உலரத் தொடங்கிய பிறகு ஓரங்களில் மட்டும் உங்கள் எண்ணெயைத் தொட்டுவைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஈயை விரட்ட அது உதவும்.

தயவுசெய்து யாரும் மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டைத் தூள், சுண்ணாம்பு ஆகியவற்றைப் போடச் சொல்லாதீர்கள். இவையெல்லாம் தோலை வேகவைக்கும் அல்லது உடம்புக்குள் நஞ்சாக இறங்கும்.

மேற்குவிளை | இரவு 8.50

ஐயா, நீங்கள் சொன்னது போலவே பார்த்தோம். முதுகுக் காயத்தைக் கழுவி முடித்துவிட்டோம். ஆனால் இடது சிறகுக்கு அடியில், விலாப்பக்கம், மிளகு நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. அதைச் சுற்றித் தோல் சற்று உப்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று ஏதோ அசைகிறது. அந்தத் துளைக்குள்ளும் உப்புநீரைப் பீச்ச வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | இரவு 8.55

வேண்டாம். ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

விளக்கமாகச் சொல்கிறேன். பறவைகளுக்கு நுரையீரலைத் தவிர உடலெங்கும் காற்றுப்பைகள் உண்டு. மேற்சிறகு எலும்பின் உள்ளீடுகூட அவற்றோடு தொடர்புடையது. பல் இறங்கி ஒரு காற்றுப்பை கிழிந்தால் காற்று தோலுக்கு அடியில் கசிந்து இப்படித்தான் உப்பும். அந்தத் துளையில் தண்ணீரைப் பீச்சினால் அது நேராக மூச்சுப்பாதையில் போய்ச் சேரும். கையில் வைத்திருக்கும்போதே கோழி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். சிறகெலும்பு முறிந்து வெளியே தெரியும் காயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். துளையைச் சுற்றி மட்டும் அயோடின் துணியால் துடைத்துவிட்டு, மேலே சுத்தமான உலர்ந்த துணியை லேசாக வையுங்கள். உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம். உப்பல் வளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்காத வரை காலை வரைக்கும் பொறுக்கலாம். ஆனால் காலையில் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். 1962 என்ற இலவச எண்ணை அழைத்து உங்கள் பகுதி நடமாடும் மருத்துவ ஊர்தி பற்றியும் விசாரித்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. கோழியின் நாக்குக்குச் சற்றுப் பின்னால், வாயின் தரையிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் பாதி அதற்குள்தான் போகும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு துளியாகத் தொட்டுவையுங்கள். தானாகச் சப்பி விழுங்கினால் அடுத்த துளி. விழுங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்றிரவு தீனியைத் திணிக்கவே வேண்டாம்.

குலசேகரம் பால்வெட்டு | இரவு 9.20

விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவன் என்பதால் சுருக்கமாக எழுதிவிட்டுப் படுக்கிறேன். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இரத்த வாடைக்கு எறும்பு சாரைசாரையாக வரும். ஒரு முக்காலியின் மேல் பெட்டியை வைத்து, முக்காலியின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் நிரப்பிய சிரட்டைக்குள் நிறுத்துங்கள். பெட்டியின் மேலே கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். எங்கள் சூட்டிலும் ஈரத்திலும், ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு நெளியும். காலையில் காயத்தின் ஓரத்து இறகுகளின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை ஈ முட்டைகள். பேன்சீப்பால் வாரி எடுத்துவிடுங்கள். மரப்பட்டறைத் தூளை மட்டும் பெட்டியில் போட வேண்டாம், பச்சைக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ரப்பர் விளையில் மேய்கிற கோழிகளின் இறகில் பால் உறைந்து ஒட்டியிருப்பதும் உண்டு. அதை இழுத்துப் பிய்க்காமல் இறகோடு நறுக்குங்கள்.

நாகர்கோவில் மாடிவீடு | இரவு 9.45

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாய் கடித்த கோழியை நாம் தொட்டால் நமக்கு வெறிநோய் வராதா? வீட்டில் குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | இரவு 10.00

கேட்க வேண்டிய கேள்விதான். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழி அதை நமக்குப் பரப்புவதில்லை. ஆனால் காயத்திலும் இறகிலும் நாயின் உமிழ்நீர் ஈரமாக ஒட்டியிருக்கும். கையில் வெட்டுக்காயமோ கீறலோ இருப்பவர்கள் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அப்படித் தொட்டிருந்தாலோ, விடுவிக்கும்போது நாய் உங்களையே பிறாண்டியிருந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகளைப் பெட்டியருகே விடாதீர்கள். கோழியைக் கழுவிய பாத்திரத்தை அடுக்களைத் தொட்டியில் போடாதீர்கள். கோழியின் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

மேற்குவிளை | மறுநாள் பிற்பகல் 1.30

கோழி இரவைத் தாண்டிவிட்டது. காலையில் மருத்துவர் பார்த்தார். காற்றை ஊசியால் எடுத்தார். மறுபடி உப்பினால் வரச் சொன்னார். கடிகாயம் என்பதால் தைத்து மூடாமல் திறந்தே விட்டிருக்கிறார். வலிக்கு மெலாக்சிகாமும், ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் எழுதித் தந்தார். திரும்பும் வழியில் மருந்துக் கடையொன்றில், எழுதித் தந்த மருந்து இல்லை, மனிதருக்கான வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். வாங்காமல் வந்துவிட்டேன், வேறு கடையில் கிடைத்தது.

எச்சம் பச்சையாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | பிற்பகல் 2.10

வாங்காமல் வந்தது நல்லது. அவர்கள் தந்தது டைக்ளோஃபினாக்காக இருந்திருக்கலாம். அது பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்ததால் 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியாவில் தடை செய்தார்கள். அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதுதான் உங்கள் மருத்துவர் எழுதிய மெலாக்சிகாம். நுண்ணுயிர்க்கொல்லியையும் சொன்ன நாள்வரை தவறாமல் கொடுங்கள். கோழி துள்ளத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் மீந்த பொட்டலத்தை வாங்கிக் கலக்கும் பழக்கமும் கூடாது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தருவதை 2019-இல் அரசு தடை செய்தது. வேறு மருந்து பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகத் தரும் மருந்து அது.

பச்சை எச்சம் பெரும்பாலும் பட்டினியின் அடையாளம். குடலில் தீனி இல்லாதபோது பித்தம் மட்டும் இறங்குகிறது. வேகவைத்த முட்டையை உதிர்த்து, குழைந்த சோற்றோடு சிறிது கலந்து முன்னே வையுங்கள். உதிர்ந்த இறகும் தோலும் மறுபடி வளரப் புரதம் வேண்டும். நமது கடற்கரையில் நெத்திலிக்குப் பஞ்சமில்லை. பச்சை நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்துத் தரலாம். கருவாடு கூடாது, அதிக உப்பு கோழிக்கு ஆகாது. இரவு படுக்கும்போது கழுத்தடியில் தீனிப்பை நிரம்பியிருந்து, காலையில் காலியாகியிருந்தால் உள்ளே எல்லாம் ஓடுகிறது என்று பொருள்.

குளச்சல் கரை | மாலை 4.30

என் கோழிக்கும் இதே இழையில் வழி கேட்கலாமா? காயம் எதுவும் தெரியவில்லை. ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்துக் காலுக்கு மூங்கில் சிம்பு கட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மாலை 5.00

சிம்பை அவிழ்த்துவிடுங்கள். முறிவு என்றால் அந்த இடம் வீங்கியோ வளைந்தோ, எலும்பு உரசும் உணர்வுடனோ இருக்கும். நீங்கள் சொல்லும் கிடை மாரெக் நோயில் காண்பது. கழுத்து முறுக்கிக்கொண்டு வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் இராணிக்கெட் எனப்படும் கோழிக் கழிச்சலாக இருக்கலாம். இரண்டும் தொற்றுநோய்கள், இரண்டுக்கும் குணப்படுத்தும் மருந்தில்லை, தடுப்பூசிதான் உண்டு. உடனே தனியே பிரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கோழிக் கழிச்சலுக்கு ஆண்டுதோறும் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்; பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால் அறுக்கவோ உரிக்கவோ வேண்டாம், தகவல் கொடுங்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் மாநில எல்லையான களியக்காவிளையில் கோழி வண்டிகளை ஏன் நிறுத்துகிறார்கள் என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூடுதல் விவரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இது காயத்துக்கான இழை.

மேற்குவிளை | சில நாட்களுக்குப் பின், காலை 9.10

கோழி இப்போது தானாகத் தின்கிறது. முதுகுக் காயம் ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. சிறகடித் துளைக்கு அருகில் மட்டும் தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. சீழ் கட்டியிருக்கும், பழுத்து உடையட்டும் என்கிறார் மாமா. பத்து போடலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 10.00

மாமா சொல்வது மனிதருக்கும் மாட்டுக்கும் பொருந்தும், கோழிக்குப் பொருந்தாது. கோழியின் சீழ் நீராக உருகுவதில்லை. அதைக் கரைக்கும் நொதி அதன் வெள்ளணுக்களில் இல்லாததால் கெட்டியான மஞ்சள் கட்டியாக உறைந்துவிடும். எவ்வளவு பத்து போட்டாலும் அது பழுத்து வடியாது. மருத்துவர்தான் கீறி, உருண்டையாக வெளியே எடுக்க வேண்டும். காற்றுப்பை இருக்கும் இடம் என்பதால் வீட்டில் பிளேடு வைக்கவே கூடாது. முதுகுக் காயத்தின் மேல் மஞ்சள் படலம் தெரிந்தால் அது வேறு. நாற்றமில்லாமல் அடியில் சிவப்பாக இருந்தால் அது ஆறுகிற படலம், அதைச் சுரண்டாதீர்கள்.

பூவிளை அக்கா, தோவாளை | காலை 11.20

நல்ல செய்தி. மாமா அறுக்கச் சொன்னதையும் யாரும் இங்கே இகழ வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். குடல் வெளியே வந்த கோழியையும், முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் செத்துப்போன கோழியையும் பெட்டியில் வைத்து நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது இரக்கம் ஆகாது. அந்த நிலையில் துன்பத்தை முடித்துவிடுவதுதான் நியாயம். ஆனால் இந்தக் கோழி முதல் நாளே தன் காலில் நின்றது. நிற்கிற கோழிக்குக் கத்தியைத் தேடக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 11.45

அக்காவின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு மனம் மாறி அறுத்தால், அந்தக் கறியைச் சமைக்கக் கூடாது.

மேற்குவிளை | சில வாரங்களுக்குப் பின், மாலை 6.00

கட்டியை மருத்துவர் எடுத்துவிட்டார். அந்த இடமும் மூடிவிட்டது. இன்று முட்டையிட்டிருக்கிறது. இந்த முட்டையைச் சாப்பிடலாமா என்பது ஒரு கேள்வி. மற்றக் கோழிகளோடு எப்போது விடலாம் என்பது இன்னொன்று. நறுக்கிய இடத்தில் இறகு இன்னும் மொட்டையாகவே நிற்கிறது. சேவலும் சும்மா இருப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மாலை 6.40

முட்டைக்கான விலக்கு நாட்கள் மருந்துக்கு மருந்து மாறும். கடைசி வேளை கொடுத்த தேதியையும் மருந்துச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் நாள்வரை இடும் முட்டைகளை நீங்களும் உண்ண வேண்டாம், விற்கவும் வேண்டாம், உடைத்து மற்றக் கோழிகளுக்குப் போடவும் வேண்டாம், புதைத்துவிடுங்கள்.

நறுக்கிய இறகின் தண்டு அடுத்த இறகுதிர்ப்பில்தான் விழும். அதன் பிறகே அங்கே புதிய இறகு வரும். நாய் பிய்த்த இடத்தில் அதற்கு முன்பே முளைத்துவிடும். முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும் என்பதால், மற்றக் கோழிகள் கொத்தினால் மறுபடி இரத்தம் கொட்டும். ஆகவே முதலில் பகலில் கம்பிவலைக்கு இப்புறமும் அப்புறமுமாக ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள். பிறகு ஒரு நாள் இருட்டிய பின் கூட்டுக் கம்பில் கொண்டுபோய் உட்காரவைத்து, விடியும்போது கூடவே நின்று கவனியுங்கள். சேவலை மட்டும் முதுகுத் தோல் தடித்து இறகு மூடும்வரை தனியே அடையுங்கள். அதன் நகமும் முள்ளும் ஏறுவது சரியாக அந்த இடத்தில்தான். கூட்டின் கதவையும் ஒருமுறை பாருங்கள். நாய் மோப்பம் பிடித்த இடத்துக்குத் திரும்ப வரும், கீரிக்கு இரண்டு விரல் இடைவெளியே போதும். தரையோரம் கல் பதித்து, கோழிவலைக்குப் பதிலாகச் சிறு கண்ணுள்ள கம்பிவலையை அடித்துவிடுங்கள்.

மேற்குவிளை | மாலை 7.05

சேவலை இன்றே சாய்ப்பில் அடைத்துவிட்டேன், ஐயா. வலை வாங்க நாளை மார்த்தாண்டம் போகிறேன். அரை அங்குலக் கண் போதுமா?

குலசேகரம் பால்வெட்டு | மாலை 7.20

போதும். அரை அங்குலம், பற்றவைத்த கம்பி என்று கேட்டு வாங்குங்கள். பின்னிய வலையை நாய் பல்லால் பிரித்துவிடும்.